படத்தில் இல்லாத டீ

“...முகம் சரி. மூக்குத்தி சரி. கழுத்தோரம் ஒரு மச்சம், எனக்கே மறந்துபோச்சு, அதுவும் சரி. எல்லாம் சரிதாம்மா. என் டீ எங்கே?”

கேட்டவர் பூக்கார அம்மா. கேட்கப்பட்டவர் ஓவியர். இருவருக்கும் நடுவில், என் ஃபிரேம் கடை வாசலில், மூன்று கால் தாங்கியின் மேல் நின்றது படம். படத்தில் இருந்ததும் அதே பூக்கார அம்மாதான். படத்துக்கு ஒரு நிஜ மல்லிகை மாலை போட்டிருந்தது. கீழே ஊதுவத்தி புகைந்துகொண்டிருந்தது. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் தெருவைப் பொறுத்தவரை அந்த அம்மா இறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. அவர் உட்கார்ந்து பூக்கட்டும் இடம் அன்று மத்தியானம் கைப்பேசி உறை விற்கும் ஒருவருக்குப் போவதாகப் பேச்சு முடிந்திருந்தது. அந்த இடம் போனால் அவருக்கு வேறு இடம் கிடையாது. இதெல்லாம் தெரிந்துகொண்ட பிறகுதான் அவர் டீயைப் பற்றிக் கேட்டார்.

இது புரிய வேண்டுமானால் முதலில் என் தொழிலைச் சொல்ல வேண்டும்.

நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு தெரிந்துகொண்டதெல்லாம் என் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் சொன்னது. ஃபிரேம் கடைக்கு வருகிறவர்கள் சும்மா நிற்க மாட்டார்கள். அளவு எடுக்கிற நேரத்துக்குள் படத்தில் இருப்பவரின் கதையைச் சொல்லிவிடுவார்கள். சாமி படம் கொண்டுவருகிறவர்கள்கூட, அந்தச் சாமி தங்களுக்கு என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் போவார்கள்.

இத்தனை வருஷத்தில் நான் கவனித்த ஒன்று: நம் ஆட்கள் உயிரோடு இருக்கும்வரை தனியாகப் பெரிய படத்தில் இருப்பதில்லை. கல்யாணப் படமென்றால் மேடை நிறையக் கூட்டம் இருக்கும். பட்டம் வாங்குகிற பிள்ளை தனியாக நிற்கும், ஆனால் கையில் சுருட்டிய காகிதம் இருக்கும். கையில் ஒன்றுமில்லாமல், தனியாக, பெரிதாக, நேராகப் பார்த்துக்கொண்டு ஒருவர் ஃபிரேமுக்குள் வருகிறார் என்றால், குரலைத் தணித்துக்கொண்டு “என்ன வயசு?” என்று கேட்க வேண்டும். பிறகு, மேலே சிவப்பு பல்பு வைக்கணுமா என்று கேட்க வேண்டும். என் கடையில் இந்த ஒழுங்கு ஒருநாளும் தவறியதில்லை.

ஓவியர் வந்துதான் தவறியது.

அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண். கணவருக்கு இங்கே கணினி வேலை. சென்ட்ரல் பக்கத்தில் உயரமான அடுக்குமாடியில் வீடு. மனைவி விசாவில் வந்தவர் இங்கே வேலை செய்யக்கூடாது. ஆகவே காலையில் கணவர் போனதும் ஒரு மடக்கு நாற்காலியையும் பெயின்ட் பெட்டியையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கி, கண்ணில் பட்டதை வரைந்துகொண்டிருந்தார். முதல் தடவை என் கடைக்கு வந்தபோது கையில் ஒரு துணிப் படம் இருந்தது.

“அண்ணே, இதுக்கு ஃபிரேம் போடணும். கண்ணாடி வேண்டாம்.”

“கண்ணாடி இல்லாட்டி தூசி விழும் தங்கச்சி.”

“ஆயில் பெயின்ட்ண்ணே. மூச்சு விடணும்.”

என் கடைக்கு வந்த படங்களில் மூச்சு விட வேண்டியிருந்தது அது ஒன்றுதான். பார்த்தேன். மோனோரெயில் தூணுக்குக் கீழே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, அதன் சீட்டிலேயே நாசி லெமாக் பொட்டலத்தை விரித்து, நின்றபடி ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தலையில் ஹெல்மெட்.

“இவரு யாரு?”

“தெரியாதுண்ணே.”

“தெரியாதவர எதுக்கு வரைஞ்சீங்க?”

“அங்க நின்னாரு.”

அளவு எடுத்தேன்.

பிறகு அடிக்கடி வந்தார். அரிசி மூட்டை இறக்குகிற லோரி. கடை அடைக்கிற நேரத்தில் நாற்காலிகளைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு அதில் ஒன்றில் மட்டும் உட்கார்ந்திருக்கிற ஆள். மழைக்கு ஒதுங்கி நிற்கிற நான்கு பேர், நால்வரும் கைப்பேசியைப் பார்க்கிறார்கள். படங்களைக் கைப்பேசியில் பிடித்து ஊரில் இருக்கிற கூட்டாளிகளுக்கு அனுப்புவாராம். அவர்கள் பார்த்துவிட்டு, “நல்லாருக்கு, இது நம்ம ஊர்தானே? வெளிநாட்டை எப்ப வரையப் போற?” என்று கேட்பார்களாம். ஒருவர், பின்னால் அந்த இரட்டைக் கோபுரத்தையாவது போடு, அப்போதுதான் மலேசியா என்று தெரியும் என்று யோசனை சொன்னாராம்.

“நான் உக்காருற இடத்துலேர்ந்து அது தெரியாதுண்ணே. தெரியாததை நான் போடமாட்டேன். இருக்கிறது மட்டும்தான்” என்றார் என்னிடம். இந்தப் பேச்சை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இருப்பதை மட்டும் வரைந்தது எங்கள் தெருவில் எல்லோருக்கும் பிடித்தது என்று சொல்ல முடியாது. எதிர்வரிசை வாழை இலைச் சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அண்ணன் ஒருநாள் தன்னைப் படத்தில் பார்த்துவிட்டு, “வயித்தைக் கொஞ்சம் உள்ள தள்ளியிருக்கலாம் லா” என்றார்.

“இருக்கிறதைத்தான் போட்டேன் அண்ணே.”

“இருக்கிறதை நான் தினம் குளிக்கிறப்ப பாக்கிறேன். அதுக்கு நீ எதுக்கு தஞ்சாவூர்லேர்ந்து வரணும்?”

நியாயமான கேள்வி. ஓவியர் சிரித்தார். அண்ணன் அன்றிலிருந்து அவர் பெட்டியோடு வருவதைப் பார்த்தால் கல்லாவை விட்டு எழுந்து சமையலறைக்குள் போய்விடுவார்.

இனி பூக்கார அம்மா.

கடை வாசலையொட்டி, கூரைக்குக் கீழே நடக்க விட்டிருக்கும் பாதையை எங்கள் ஊரில் அஞ்சடி என்போம். என் கடைக்கும் பக்கத்து விளக்குக் கடைக்கும் நடுவே அஞ்சடியில் ஒரு தூண். தூணை ஒட்டி ஒரு மேசை, ஒரு முக்காலி போடுகிற அளவு இடம். என் மூத்த மகள் பிறப்பதற்கு முன்னாலிருந்து அந்த இடத்தில் அவர்தான். இடம் விளக்குக் கடைக்காரருக்குச் சேர்ந்தது. அவர் சீனர், எல்லோருக்கும் தவுக்கே, அதாவது முதலாளி. வாடகை என்று ஒன்று இருந்ததா என்று எனக்குத் தெரியாது. தவுக்கே கடைச் சாமிக்குத் தினம் பூ போகும், அது தெரியும்.

அந்த அம்மாவின் பேச்சுக்காகவே பூ வாங்க வருகிறவர்கள் உண்டு. மொட்டாக இருக்கிறதே என்று யாராவது முகம் சுளித்தால், “வாங்கிட்டுப் போ, வீடு போய்ச் சேர்றதுக்குள்ள அதுக்குப் புத்தி வந்திடும்” என்பார். கல்யாண மாலை கனமாக இருக்கிறது என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னால், “கனமா இருக்கட்டும். தலை குனிஞ்சு பழகட்டும்” என்பார். ஓவியர் முதல் நாள் எதிரே நாற்காலியை விரித்து உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தபோது, அம்மா நார் கிழித்தபடி கேட்டார்: “உக்காந்து பாக்கிறதுக்கு ஒரு படிப்பு இருக்காம்மா?”

“இருக்கும்மா. அஞ்சு வருஷம்.”

“நான் படிக்காமலே பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

தூணில் ஒரு ஆணி. காலையில் கடை போட்டதும், மூலை ஒட்டுக்கடையிலிருந்து அவருக்கு டீ வரும். பிளாஸ்டிக் பையில் ஊற்றி, ஓரத்தில் சிவப்புக் கயிற்றால் கட்டி, ஸ்ட்ரா செருகியது. பூக்கட்டுகிற கை எப்போதும் ஈரமாக இருக்கும், கோப்பையைப் பிடிக்கத் தோதுப்படாது. டீயை ஆணியில் மாட்டிவிட்டு, கழுத்தை மட்டும் திருப்பி, மத்தியானம் வரை கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பார். தெருவுக்கே அது அடையாளம். ஆள் இல்லை, டீ தொங்குகிறது என்றால் கோயிலுக்கு மாலை கொடுக்கப் போயிருக்கிறார், நின்றால் வந்துவிடுவார். டீயும் இல்லை என்றால் அன்றைக்குப் பூ இல்லை, நிற்க வேண்டாம்.

தவுக்கேயைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அவருடைய தமிழ் முழுக்க அந்த அம்மாவிடமிருந்து வந்தது. அதனால் எழுபது வயதுச் சீனர் ஒருவர், சரக்கு லோரி தாமதமானால் “கட்டையில போறவன் இன்னும் வரல” என்பார். அவர் தாயார் இறந்தபோது நானும் அம்மாவும் போயிருந்தோம். வெள்ளை உறையில் காசு வைத்துக் கொடுத்தோம். திரும்பும்போது ஆளுக்கொரு துண்டு சிவப்பு நூலும் ஒரு மிட்டாயும் கொடுத்தார்கள். அம்மா மிட்டாயைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, “சாவு வீட்டுலயே மிட்டாய் குடுக்கிறாங்களே தம்பி, கல்யாண வீட்டுல என்னதான் குடுப்பாங்க?” என்றார். தவுக்கே அழுத கண்ணோடு விளக்கம் சொன்னார்: “நூலு, இனிப்பு. வாங்கிட்டு வீட்டுக்குப் போ. ஒண்ணும் ஒட்டாது.” அவர்கள் வழக்கம் அது. சாவின் தீட்டு வந்தவர்களோடு போகாமல் இருப்பதற்கு.

ஓவியர் அந்த அம்மாவைப் பல காலைகள் உட்கார்ந்து வரைந்தார். முடிகிற நேரத்தில் அம்மா ஒருநாள் மேசையை மடக்கி தவுக்கே கடைக்குள் வைத்துவிட்டு, “கிள்ளான் வரைக்கும் போயிட்டு வரேன் தம்பி” என்றார். கிள்ளானில் மகள் வீடு. எதற்கு, எத்தனை நாள் என்று சொல்லவில்லை. பிறகு தெரிந்தது, கண் புரை எடுக்கப் போயிருக்கிறார். சொன்னால், இவ்வளவு நாள் கண் தெரியாமலா கட்டினாய் என்று வாடிக்கைக்காரர்கள் கேட்பார்கள் என்று சொல்லவில்லையாம். மகள் வேறு கைப்பேசியைப் பிடுங்கி அலமாரியில் பூட்டிவிட்டாள், கண்ணுக்கு ஆகாதென்று.

இந்தச் சமயத்தில்தான் ஓவியர் அந்தப் படத்தைக் கொண்டுவந்தார். பெரிய படம். நான் பார்த்து அசந்துபோனேன். அம்மா முக்காலியில் இருக்கிறார். அவரைச் சுற்றி மேலிருந்து மாலைகள் தொங்குகின்றன. கட்டுகிற கைகள் மாலைகளுக்குப் பின்னால் மறைந்திருந்தன. நடுவில் முகம் மட்டும் நேராகப் பார்க்கிறது. தேக்கு நிற ஃபிரேம் போட்டேன். பெயின்ட் இன்னும் காயணும், உள்ளே வைத்தால் புழுங்கும், கொஞ்ச நாள் காற்றுப்படும்படி வையுங்கள் என்றார் ஓவியர். வாசலில் தாங்கியில் நிறுத்தினேன்.

தனியாக ஒரு முகம். பெரிய ஃபிரேம். கையில் ஒன்றும் இல்லை. சுற்றிலும் மாலை. இதையெல்லாம் இன்று வரிசையாக எழுதும்போது தெளிவாகத்தான் தெரிகிறது. அன்று எனக்குத் தோன்றவில்லை. என் மனைவி தினம் மாலை ஆறு மணிக்கு வாசலில் இருக்கிற சாமி படங்களுக்கெல்லாம் ஊதுவத்தி காட்டுவாள். வரிசையில் நடுவில் ஒரு படத்தை மட்டும் விட்டுவிட்டால் நன்றாக இராது என்று அதற்கும் காட்டினாள்.

மறுநாளிலிருந்து ஆட்கள் வந்து நின்றார்கள். செருப்பைக்கூடச் சிலர் கழற்றினார்கள். படம் அப்படி இருக்கிறது, மரியாதை தானாக வருகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கல்லா அண்ணன் வந்து ரொம்ப நேரம் பார்த்தார். “நல்ல மனுஷி” என்றார்.

“ஆமாண்ணே” என்றேன்.

“யாருக்கும் ஒரு தொந்தரவு இல்ல.”

“இல்லைதான்.”

“முகத்துல என்ன ஒரு அமைதி.”

“அது ஓவியரோட கைண்ணே.”

அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். எதற்கு என்னைத் தட்டினார் என்று யோசித்தேன். அன்று சாயங்காலம் யாரோ ஒரு மல்லிகை மாலை வாங்கிவந்து படத்துக்குப் போட்டார்கள். எல்லாப் படத்துக்கும் பூ வைக்கிற வாசல்தானே என்று விட்டுவிட்டேன். வாட வாடப் புதுசு வந்தது.

தவுக்கே வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. அவர் கருப்புக் கால்சட்டை, வெள்ளைச் சட்டையில் வந்தார். படத்துக்கு முன் நின்று மூன்று தடவை குனிந்தார். ஒரு வெள்ளை உறையைத் தாங்கியின் காலடியில் வைத்தார்.

“தவுக்கே, எதுக்கு இது?”

“அம்மாவுக்கு லா. நீ ஏன் எனக்குச் சொல்லல? அடுத்த கடை நான்.”

“யாரு தவுக்கே சொன்னா, அம்மா...”

“யாரு சொல்லணும்? கண்ணு இருக்கு. இங்க படம். அங்க டீ இல்ல.” தூணைக் காட்டினார். “படத்துலயும் டீ இல்ல.”

திரும்பிப் படத்தைப் பார்த்தேன். தூண் இருந்தது. ஆணிகூட இருந்தது, துரு முதற்கொண்டு. டீ இல்லை. தெரு முழுக்க அதைத்தான் பார்த்திருக்கிறது. அம்மா உயிரோடு இருக்கிற படமென்றால் டீ தொங்கியிருக்குமே என்று சாப்பாட்டுக் கடையில் பேசி முடித்திருக்கிறார்கள்.

உடனே அம்மாவுக்குப் போன் அடித்தேன். கைப்பேசி அணைந்திருந்தது. மறுபடி அடித்தேன். மகள் எண் என்னிடம் இல்லை. “கிள்ளானுக்குப் போறேன்னுதானே சொன்னாங்க” என்றேன் மனைவியிடம். “எதுக்குன்னு சொன்னாங்களா?” என்றாள். சொல்லவில்லை. அவள் அழத் தொடங்கினாள். இரண்டு நாள் கழித்து நானும் ஊதுவத்தி காட்டினேன்.

தவுக்கே அவர்கள் வழக்கப்படி ஏழாவது நாள் வரை அந்த இடத்தைத் தொடவில்லை. பிறகு, இடம் காலியாகக் கிடந்தால் கடைக்கு ஆகாது என்று, கைப்பேசி உறை விற்கிற ஆளுக்குச் சரி சொல்லிவிட்டார். ஈப்போப் பக்கத்து ஆள். மரியாதையான மனிதர். “ஆச்சி இடம்னு கேள்விப்பட்டேன், மேசை போடறதுக்கு முன்னாடி ஒரு சூடம் கொளுத்தலாமா?” என்று என்னிடம் வந்து கேட்டுவிட்டுப் போனார். மறுநாள் மத்தியானம் வருவதாக ஏற்பாடு.

மறுநாள் காலை பூக்கார அம்மா வந்தார்.

கொமுட்டர் ரயிலில் சென்ட்ரலில் இறங்கி நடந்து வந்திருக்கிறார். பெரிய கருப்புக் கண்ணாடி. கையில் துணிப்பை. சாப்பாட்டுக் கடையைத் தாண்டும்போது கல்லா அண்ணனைப் பார்த்து, “பசியாறிட்டியாப்பா?” என்று கேட்டிருக்கிறார். அண்ணன் ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய சில்லறையை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, எழுந்து, வழக்கம்போலச் சமையலறைக்குள் போய்விட்டார்.

அம்மா நேரே தன் தூணுக்குத்தான் போனார். கழுவி விட்டிருந்தது. முக்காலியைக் கேட்கத் தவுக்கே கடைக்குள் எட்டிப்பார்த்தார். தவுக்கே கவுண்டருக்குப் பின்னால் சுவர் வரைக்கும் போய்விட்டார்.

“அம்மா, நீ செத்துட்ட.”

“யாரு சொன்னா?”

“எல்லாரும். நான் வெள்ளைக் காசு குடுத்துட்டேன். இடத்துக்கு வேற ஆளுக்கு வாக்கும் குடுத்துட்டேன்.”

“வாக்கு குடுத்தா திருப்பி வாங்கிக்க. நான்தான் வந்துட்டேனே.”

“வாக்கு வாங்கலாம். வெள்ளைக் காசு வாங்க முடியாது. பந்தாங் லா அம்மா, ஆகாது. வெள்ளைக் காசு வாங்கின ஆளு என் கடை வாசல்ல உக்காந்தா, எனக்கும் ஆகாது, உனக்கும் ஆகாது. யாரு வந்து லைட் வாங்குவா?” அவருக்கு அம்மா உயிரோடு இருப்பதில் சந்தோஷம், இடத்தைத் திருப்பிக் கொடுக்க வழி இல்லாததில் துக்கம்.

இதையெல்லாம் அஞ்சடியில் நின்று நான் கேட்டேன். உள்ளே அன்றைக்குப் படத்தை எடுத்துப்போக வந்த ஓவியரும் கேட்டார். அம்மா தவுக்கேயோடு வாதாடவில்லை. திரும்பி என் கடைக்கு வந்தார். கருப்புக் கண்ணாடியைக் கழற்றினார். படத்துக்கு முன் நின்றார். முதலில் கழுத்து மாலையைத்தான் தூக்கிப் பார்த்தார்.

“யாரு கட்டினது இது? முடிச்சு எல்லாம் தளர்ந்து கிடக்கு. என் படத்துக்கே வெளியில வாங்கிப் போட்டிருக்கீங்க.”

“நீங்க இல்லையேம்மா...” என்றாள் என் மனைவி.

பிறகு அவர் முகத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். புதுக் கண். எதையும் விடவில்லை. ஆணியில் வந்து நின்றார். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

ஓவியர் பெயின்ட் ஒட்டியிருந்த நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“முதல்ல போட்டிருந்தேம்மா. பை, சிவப்புக் கயிறு, ஸ்ட்ரா, எல்லாம்.”

“அப்புறம்?”

“எங்க வீட்டுக்காரரு பாத்துட்டு, இந்த அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா, எதுக்கு டிரிப்ஸ் ஏத்துறாங்கன்னு கேட்டாரு. ஊருக்கு அனுப்பினேன். அவங்களும் ஆஸ்பத்திரியான்னு கேட்டாங்க. எங்க ஊர்ல இப்படிப் பையில தொங்கவிட்டு டீ குடிக்கமாட்டாங்கம்மா. உங்களைப் பாத்து யாரும் சீக்காளின்னு நினைக்கக் கூடாதுன்னு அதை மட்டும் சுரண்டி எடுத்துட்டேன்.”

அம்மா யோசித்தார்.

“அப்ப நான் சீக்காளியாத்தான் இருந்திருக்கேன். நீ டிரிப்ஸைப் பிடுங்கிட்ட. அப்புறம் நான் சாகாம என்ன செய்வேன்?”

என் மனைவிதான் முதலில் சிரித்தாள், அழுகைக்கு நடுவில். ஓவியர் சிரிக்கவில்லை. “திரும்பப் போட்டுடறேம்மா, இன்னைக்கே போட்டுடறேன்” என்றார்.

“படத்துல மெதுவாப் போடு. தம்பி, தவுக்கே வச்ச உறை எங்க?”

மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பிரிக்காமல் இடுப்பில் செருகிக்கொண்டார். படத்திலிருந்து மாலையைக் கழற்றி முழங்கையில் மாட்டிக்கொண்டார். வெளியே இறங்கி மூலை ஒட்டுக்கடைக்கு நடந்தார். ஒட்டுக்கடைக்காரர் அவரைப் பார்த்துவிட்டு ஆற்றிக்கொண்டிருந்த டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார்.

“ரெண்டு. கட்டிக் குடு. ஒண்ணுல சீனி கூட.”

அவர் இரண்டு பைகளோடு திரும்பி வந்தபோது, கைப்பேசி உறை விற்கிறவர் மடக்கு மேசையும் ஒரு பெட்டியுமாகத் தூணருகே நின்றார். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். அம்மாவைப் பார்த்ததும், இன்னும் யாரென்று தெரியாமல், “வாங்க ஆன்டி, இன்னும் கடை திறக்கல” என்றார். “திறந்துடலாம்” என்று சொல்லிவிட்டு அம்மா தவுக்கே கடைக்குள் போனார். நாங்கள் மூவரும் வாசலில் நின்று பார்த்தோம்.

சீனி கூடப் போட்ட பையின் கழுத்தை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அதன் சிவப்புக் கயிற்றை அவிழ்த்தார். பூக்கட்டுகிற விரல், ஒரு சொட்டுச் சிந்தவில்லை. கயிற்றை வெள்ளை உறையின் மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி முடிந்து, தவுக்கே முன்னால் கவுண்டரில் வைத்தார். டீயை அவர் கையில் கொடுத்தார்.

“இந்தா நூலு. இந்தா இனிப்பு. வாங்கிட்டு வீட்டுக்குப் போ. ஒண்ணும் ஒட்டாது.”

தவுக்கே உறையைப் பார்த்தார். அவர்கள் முறையில் நூலையும் இனிப்பையும் கொடுப்பது இறந்தவரின் வீட்டார். இறந்தவரே நேரில் வந்து கொடுத்ததாக அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். கொடுக்கக் கூடாது என்றும் அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இந்த இரண்டையும் அவர் மனதுக்குள் வைத்துப் பார்த்தார் என்று நினைக்கிறேன். நேரம் எடுத்தது. பிறகு சிவப்புக் கயிற்றில் விரலை வைத்தார். பையை வாயருகே கொண்டுபோய் ஒரு வாய் உறிஞ்சினார்.

“சீனி கூட லா.”

“கூடத்தான் இருக்கணும்.”

தவுக்கே பையைப் பிடித்தபடியே உள்ளே போனார். முக்காலியோடு திரும்பி வந்தார். அஞ்சடிக்கு வந்து அதைத் தூணை ஒட்டி வைத்தார். உறைக்காரரிடம் தூணின் மறுபக்கத்தை, என் கடைப் பக்கத்தை, முகவாயால் காட்டினார். “நீ அங்க போடு. இவ இருக்கா.” உறைக்காரர் மேசையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார். என்னைப் பார்த்தார். சரி என்று தலையாட்டினேன். வேறென்ன செய்வது.

அம்மா தன் டீயை ஆணியில் மாட்டினார். முக்காலியில் உட்கார்ந்தார். கழுத்தை மட்டும் திருப்பி ஒரு வாய் குடித்தார். பிறகு முழங்கையில் இருந்த மாலையைக் கழற்றி மடியில் போட்டுக்கொண்டு, தளர்ந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துத் திரும்பக் கட்ட ஆரம்பித்தார்.